நாள் குறிக்காத சீட்டு

தூக்க மாத்திரைக்கு அடிமையானவர் என்றதும் பலர் மனத்தில் வரும் உருவம் எங்கள் மருந்தக ஜன்னலுக்கு வருவதே இல்லை. ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வரிசையில் பொறுமையாக நிற்கும் பெரியவர்கள்தான் வருகிறார்கள். முதலில் ரத்த அழுத்த மாத்திரை, பிறகு சர்க்கரை மாத்திரை, கடைசியில் குரலைச் சற்றுத் தாழ்த்தி, "அந்தச் சின்ன மாத்திரையும் தம்பி." நீட்டும் சீட்டு மடிப்பில் கிழிந்திருக்கும். எழுதிக்கொடுத்த மருத்துவர் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார். கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு, நோயாளியைவிட அந்தச் சீட்டுதான் முதலில் கவலை தரும்.

அந்தச் சின்ன மாத்திரைகளான அல்பிரசோலம், குளோனாசெபாம், லோராசெபாம், டயஸெபாம் எல்லாம் பென்சோடயசெபின் என்ற ஒரே குடும்பம். 1960இல் குளோர்டயசெபாக்சைடும் 1963இல் டயஸெபாமும் விற்பனைக்கு வந்தபோது, பார்பிட்யூரேட் என்ற பழைய தூக்க மருந்துகளைவிட ஆபத்துக் குறைந்தவை என்று மருத்துவ உலகம் வரவேற்றது. அது பொய்யும் அல்ல. திடீரென்று வரும் பதற்றத்தை அரை மணி நேரத்தில் அடக்க இவற்றுக்கு இணை குறைவு. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இவை கூட்டுகின்றன. தினமும் சில வாரங்கள் விழுங்கினால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் வேண்டாம் என்கின்றன வழிகாட்டு நெறிகள். ஆனால் மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கும் சீட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வடகிழக்குப் பருவமழையின்போது குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்து, மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டது. கீழேயிருந்து மருந்து ஏறவில்லை. அந்த வாரம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஓர் அம்மாவை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். அந்தக் குளிரிலும் உடலெல்லாம் வியர்வை, கை நடுக்கம், விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, பாத்திரச் சத்தம் காதைக் கிழிக்கிறது என்ற புலம்பல், இரண்டு இரவுகளாகத் தூக்கமே இல்லை. கட்டிலில் படுக்க வைப்பதற்குள் வலிப்பு வந்துவிட்டது. குடியைத் திடீரென்று விட்டவர்களுக்கு வருவதைப் போலவே இருந்ததால், அந்த அம்மா குடிப்பாரா என்று கேட்டார் பணியிலிருந்த டாக்டர். மகளுக்குக் கோபம் வந்தது. டாக்டர் அடுத்து என்னைக் கூப்பிட்டு, இவருக்கு என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கணவர் இறந்தபோது கோயம்புத்தூரில் பத்து நாளுக்கு எழுதிய அல்பிரசோலம், ஆண்டுக்கணக்கில் காலையும் இரவும் அரை மில்லிகிராம் வீதம் போய்க்கொண்டிருந்தது. சாலை அடைபட்டதும் அது திடீரென்று நின்றுபோயிருந்தது. வேறு கடையில் வாங்கியிருந்தால் இந்தப் பதில் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ தெரியாது.

அந்த அம்மா ஒரு நாளும் எழுதிய அளவைத் தாண்டவில்லை. உடல் மருந்துக்குப் பழகிப்போவது வேறு, ஆசை துரத்தி அளவைக் கூட்டிக்கொண்டே போவது வேறு. ஆனால் திடீரென்று நிறுத்தினால் வரும் ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான். மகள் அன்றைக்கே அந்த மாத்திரையை அடியோடு நிறுத்தத் துடித்தார். அதே மருந்தைத்தான் முதலில் திரும்பக் கொடுக்கப்போகிறோம் என்று புரியவைக்கப் பாதி நாள் போயிற்று.

இரண்டாம் வகையும் வருவதுண்டு. சுற்றுலா வேன் ஓட்டும் ஒருவர், கொண்டை ஊசி வளைவில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு படபடப்புக்காக மாத்திரை தொடங்கியவர், ஒவ்வொரு முறையும் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து நிற்பார். அட்டை மழையில் நனைந்துவிட்டது என்பார். அடுத்த மாதம், சொந்த ஊர் போகிறேன், இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள் என்பார். ஒரே மருந்துக்குக் குன்னூரில் ஒரு சீட்டு, மேட்டுப்பாளையத்தில் ஒரு சீட்டு. 2014 மார்ச்சிலிருந்து அல்பிரசோலம், டயஸெபாம் போன்றவை ஹெச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருப்பதால், யாருக்கு எவ்வளவு விற்றோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். என் பதிவேட்டுக்குக் குன்னூர்ப் பதிவேட்டைத் தெரியாதே! சிறுநீர்ப் பரிசோதனையையும் முழுதாக நம்ப முடியாது. சாதாரண கருவிகள் லோராசெபாம், குளோனாசெபாம் இரண்டையும் சில சமயம் தவறவிட்டுவிடும். அதட்டாமல் கேட்கும் கேள்விதான் கடைசியில் உதவியது. இரவில் அவ்வப்போது பிராந்தியோடு சேர்த்து விழுங்குவதாகச் சொன்னபோது எனக்கே வியர்த்தது. இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடலாம்.

கார்த்திகையில் மாலை போடப்போகிறேன் சார், அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்றார். எங்கள் பக்கத்தில் பலரைக் குடியிலிருந்து நாற்பது நாளாவது ஒதுக்கி வைக்கும் விரதம் அது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இந்த மாத்திரையிடம் வைராக்கியம் காட்டுவது ஆபத்து. பிரேக்கையே மிதித்துக்கொண்டு அரவேணுவிலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்று அவரையே கேட்டேன். கியரைக் குறைத்துக் குறைத்துத்தான் இறங்க வேண்டும் என்றார். பிறகு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊட்டியில் மனநல மருத்துவர் அவருக்கு அல்பிரசோலத்தை டயஸெபாமாக மாற்றினார். முன்னது சீக்கிரம் உடலை விட்டு இறங்கிவிடும். அடுத்த வேளைக்குள் மனம் பறக்கும். பின்னது நாள்கணக்கில் தங்கி மெதுவாக இறங்கும். அரை மில்லிகிராம் அல்பிரசோலத்துக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் டயஸெபாம் சமம். புதுச் சீட்டில் பத்து என்ற எண்ணைப் பார்த்ததும், இருபது மடங்கு கூட்டிவிட்டார்கள் என்று அவர் மனைவி சண்டைக்கே வந்துவிட்டார். மருந்துக்கு மருந்து எடைக் கணக்கு வேறு என்று சொல்லிப் புரியவைப்பது என் வேலை. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து, பத்து சதவீதம் குறைத்தால் போதும். தடுமாறினால் அதே படியில் நிற்கலாம். மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்காமல், வாரா வாரம் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வேன் ஓட்டக்கூடாது என்றதுதான் அவருக்கு மருந்தைவிடக் கசந்தது. சீசன் முழுவதும் ஸ்டாண்டில் டிக்கெட் எழுதினார்.

தூக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே குளிருக்குப் பயந்து எட்டு மணிக்கே கம்பளிக்குள் போய்விடுகிறார்கள். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் தூக்கமே இல்லை என்கிறார்கள். ஆறு மணி நேரம் ஏற்கெனவே தூங்கியாயிற்று! படுக்கையைப் பத்து மணிக்குத் தள்ளிப்போட்டு, பகல் தூக்கத்தையும் மாலைத் தேநீரையும் விட்டதிலேயே பாதிப் பேருக்கு மாத்திரையின் தேவை குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். தேயிலை பறிப்பவரிடம் தேநீரைக் குறைக்கச் சொல்ல மட்டும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

லயத்து அம்மாவுக்கு டயஸெபாம் ஒத்துவராது. வயதான உடலில் தேங்கி, விழவைத்துவிடும். அல்பிரசோலத்தையே குறைத்தோம். கால் மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதி அளவை மட்டும் குறைப்பது ஒரு படி. கடைசிப் படிகளில் ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் நீண்டது. இப்போது இரவில் கால் மில்லிகிராமில் நிற்கிறார். பேரனின் பெயரை மறப்பது குறைந்திருக்கிறது. சரிவில் நடக்கும்போது தடுமாறுவதில்லை. அதையும் நிறுத்திவிட வேண்டும் என்று மகள் ஒவ்வொரு மாதமும் கேட்கிறார். டாக்டர் அவசரப்படவில்லை, எனக்கும் அவசரமில்லை. புதிய சீட்டில், அடுத்து எந்தத் தேதியில் இதை மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.