எங்கிருந்து வந்தது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அரசின் இயற்கைப் பாதுகாப்புப் பிரிவில் பெர்மிட் மேசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்றால் எல்லோருக்கும் காண்டாமிருகம்தான் ஞாபகம் வரும். என் மேசைக்கு அதிகம் வந்ததோ சைக்காட் செடி. பார்வைக்குக் குட்டை ஈச்சமரம் மாதிரி இருக்கும், ஆனால் ஈச்சைக்கும் அதற்கும் உறவே இல்லை. டைனோசர்கள் திரிந்த காலத்திலேயே இருந்த குடும்பம். அடிமரம் ஒரு முழம் உயரப் பல வருடங்கள் ஆகும். காத்திருக்க மனமில்லாதவர்கள் காட்டிலிருந்து பிடுங்கி வந்துவிடுகிறார்கள். 2014-ல் கேப்டவுன் கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவுக்குள்ளேயே புகுந்து 24 செடிகளைத் திருடிக்கொண்டு போனார்கள்.

2004-ல் வந்த பல்லுயிர்ச் சட்டத்தின்படி இவற்றை விற்கவும் வாங்கவும் இடம் மாற்றவும் பெர்மிட் வேண்டும். ஃபாரத்தில் எத்தனை கட்டம் இருந்தாலும், என் கண் முதலில் போவது ஒரே கேள்விக்குத்தான்: எங்கிருந்து வந்தது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர், "எல்லாம் தாத்தா காலத்துச் செடிகள்" என்று சத்தியப் பத்திரம் கொடுத்தார். நம்பிப் பரிந்துரை எழுதிவிட்டேன். நேரில் பார்த்துவர மூத்த அதிகாரி ஒருவரோடு போனபோதுதான் புரிந்தது. அடிமரத்தில் ஒரு பக்கம் மட்டும் காட்டுத்தீ கருக்கிய தழும்பு, கீழே முள்ளம்பன்றி கடித்த குழி, வேரில் புதிய வெட்டு. செடிகளைப் பறிமுதல் செய்தோம். ஆனால் திருப்பி எங்கே நடுவது? எந்த மலைச்சரிவு, எந்தக் குழி என்று யாருக்குத் தெரியும்? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆயா வந்தார். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போகப்போகிறார். வாசலில் நிற்கும் நேட்டால் சைக்காட்டையும் கொண்டுபோக வேண்டும். ரசீது கிடையாது. "தம்பி, அது எங்க வீட்டுக்காரர் கையால வெச்சது. விட்டுட்டு எப்படிப் போவேன்?" என்று கண் கலங்கினார்.

போய்ப் பார்த்தேன். முட்டி போட்டு அடிமரத்தைத் தடவினேன். உதிர்ந்த இலைகளின் அடிக்கட்டைகள் செதில் செதிலாக, சுற்றிலும் ஒரே சீராக இருந்தன. தீயின் சுவடு எங்கும் இல்லை. ஆயா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து பழைய போட்டோ ஒன்றை எடுத்தார். பாவாடை கட்டிய சின்னப் பெண். பக்கத்தில் எண்ணெய் டின்னில் மூன்றே இலையோடு அதே செடி. அந்தப் பெண்தான் இப்போது ஆயாவைக் கூட்டிப்போக வந்திருந்த மகள். போட்டோவைப் பிரதி எடுத்துக் கோப்பில் வைத்தேன். பெர்மிட் வர வாரக்கணக்கில் ஆனது. திங்கட்கிழமை தவறாமல் ஆயா போன் செய்வார். அந்தத் தாமதத்துக்காக நான் வருத்தம் தெரிவித்தேனே தவிர, சோதனை வேண்டாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

டர்பன் தாவரவியல் பூங்காவில் வுட் சைக்காட் நிற்கிறது. 1895-ல் தாவரவியலாளர் மெட்லி வுட் ஙோயே காட்டில் கண்டெடுத்த ஒற்றை ஆண் செடியின் வாரிசு. காட்டில் இப்போது அந்த இனமே இல்லை. பெண் செடியை இன்றுவரை யாரும் கண்டதில்லை. உலகில் இருக்கும் வுட் சைக்காட் எல்லாம் அந்த ஒரு செடியிலிருந்து வந்தவைதான். மதியச் சாப்பாட்டை அதன் எதிரே உட்கார்ந்து எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

போன மாதம் ஆயா கூப்பிட்டார். புது வீட்டில் செடி கூம்பு விட்டிருக்கிறதாம், தடித்த மஞ்சள் கூம்பு.

"பெண் செடி, ஆயா" என்றேன். "போட்டோ எடுத்துத் தேதி எழுதி அந்த டின்னிலேயே வையுங்கள்."

"எழுதிட்டேன் தம்பி" என்றார்.