திருத்தமும் புது வசதியும் ஒரே மூட்டையில் வரலாமா?

தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் தொழில். தரவுத்தள மென்பொருளின் புதிய பதிப்பு வெளியானதாக அறிவிப்பு வந்தால், அதில் எந்த வசதி சேர்ந்திருக்கிறது என்பதைவிட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எதை மாற்றியிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் தேடிப் படிப்பேன். ஆண்டுக்கு எத்தனை பதிப்புகள் வருகின்றன என்பது எனக்குப் பெரிய கவலையாக இருந்ததில்லை. திருத்தங்களையும் புது வசதிகளையும் தனித்தனியாகத் தருகிறார்களா என்பதே கவலை.

இதில் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்கும் குழுவினரின் ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன். ஆண்டுக்கு ஒரு பெரும் பதிப்பு, பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டுகள் ஆதரவு உண்டு. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாம் வியாழக்கிழமையில், பிழைத் திருத்தங்களையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் மட்டும் தாங்கிய சிறு பதிப்புகள் வருகின்றன. சிறு பதிப்பில் வட்டில் தரவு எழுதப்படும் முறை மாறுவதில்லை என்பதால், சர்வரை நிறுத்தி, நிரல்களை மாற்றி, மீண்டும் தொடங்கினால் போதும். பெரும் பதிப்பில் உள்ளமைப்பே மாறக்கூடும். தரவு முழுவதையும் புதிய பதிப்புக்குக் கொண்டுசெல்ல வேண்டும், பயன்பாடுகளையும் சோதிக்க வேண்டும். அந்த உழைப்பை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் யாரிடமும் கேட்க முடியாது. நாள் ஏறக்குறைய உறுதியாக இருப்பதால், முதிராத வசதி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. அதற்காகப் பதிப்பு காத்திருப்பதில்லை.

மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருள் இந்தப் பாடத்தைச் சுற்றுவழியில்தான் வந்தடைந்தது. 2018 ஏப்ரலில் வந்த 8.0 தொடரில், பராமரிப்புப் பதிப்புகளிலேயே புது வசதிகளும் சேர்ந்து வந்தன. 2022இல் வெளியான 8.0.29 கடுமையான கோளாறு காரணமாகப் பதிவிறக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. 2023 ஜூலையில் 8.1 வந்தபோது, புதுமைப் பதிப்புகள் ஒரு பக்கம், நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் மறுபக்கம் எனப் பாதையைப் பிரித்தார்கள். 2024 ஏப்ரலில் வந்த 8.4 இரண்டாம் வகையில் முதலாவது.

ஆரக்கிள் தரவுத்தளத்தில் பதிப்பு எண்ணுக்கும் மாற்றத்தின் அளவுக்கும் இருந்த தொடர்பே மாறிவிட்டது. பழைய முறைப்படி 12.2.0.2 ஆக வரவேண்டியது, 2018இல் ஆண்டைக் குறிக்கும் 18 என்ற எண்ணோடு வந்தது. ஆண்டுதோறும் ஆதரவுக் கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் காட்ட ஏதாவது வேண்டும் என்பதும் இதில் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

திருத்தங்களைத் தள்ளிப்போட்டால் என்ன நேரும் என்பதற்கு 2003 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தைத் தாக்கிய ஸ்லாமர் என்ற கணினிப் புழுவே சான்று. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளியாகியிருந்தது. திருத்தத்தோடு புது வசதியும் ஒட்டிக்கொண்டு வந்தால், சோதிக்க நேரமில்லாத நிர்வாகி இரண்டையும் சேர்த்தே ஒத்திவைப்பார்.

சிறு பதிப்புகளும் தவறக்கூடும். 2024 நவம்பர் 14 அன்று வந்த போஸ்ட்கிரஸ் திருத்தங்கள் சில நீட்சிகளை, அதாவது அதனோடு இணைத்து ஓட்டும் கூடுதல் நிரல்களை, பாதித்ததால், ஒரே வாரத்தில், 21ஆம் தேதி, மாற்றுப் பதிப்பு வெளியிட்டார்கள். அதன்பின் நாங்கள் சிறு பதிப்புகளை ஒரு வாரம் சோதனை சர்வரில் ஓடவிட்டு, பிறகே உண்மையான தரவு இருக்கும் சர்வர்களில் நிறுவுகிறோம். பெரும் பதிப்புக்கு முதல் இரண்டு சிறு பதிப்புகள் வரும்வரை காத்திருக்கிறோம்.