விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் போடுவது? அக்கா மகளின் பொறியியல் கலந்தாய்வு அனுபவம்

அக்கா மகள் பொறியியலில் சேர்ந்து வகுப்பும் தொடங்கிவிட்டது. பிளஸ் டூ மதிப்பெண்களை 200-க்குக் கணக்கிட்டு வந்த அவள் கட்-ஆஃப் 172.5. கணக்கில் 88, இயற்பியல் 82-இல் பாதி 41, வேதியியல் 87-இல் பாதி 43.5. நல்ல மதிப்பெண்தான், ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்கிற மதிப்பெண் இல்லை. இந்த நடுத்தட்டில் இருப்பவர்களுக்குத்தான் குழப்பம் அதிகம். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படித்த காலத்தில் கலந்தாய்வு என்றால் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் காட்டுவார்கள். நம் முறை வந்ததும் இருப்பதில் ஒன்றைச் சொல்லிவிட்டு வருவோம். 2018 முதல் எல்லாம் ஆன்லைன். மிச்சம் இருப்பது இப்போது கண்ணில் படாது. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று முன்கூட்டியே வரிசையாகக் கொடுத்துவிட வேண்டும். நம் தரவரிசை வரும்போது கணினி அந்தப் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும், முதலில் காலியாக இருப்பதை ஒதுக்கிவிடும்.

இதை அத்தானுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "கெடைக்காத காலேஜ மேல போட்டா சான்ஸ் வீணாப் போயிடாதா மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போகாது. மேலே உள்ளது கிடைக்கவில்லையென்றால் அடுத்தது, அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்தது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். சுமாரான கல்லூரியைப் பாதுகாப்புக்கு என்று மேலே ஏற்றினால்தான் வம்பு. அது கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே எவ்வளவு நல்ல இடம் காலியாக இருந்தாலும் கணினி பார்க்காது. ஆக, கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கை வரிசைக்குள் கொண்டுவரவே கூடாது. ஆசைப்படுகிற வரிசைதான் வரிசை. கட்டாயம் கிடைக்கும் என்று தோன்றுகிற இடங்களும் பட்டியலில் இருக்க வேண்டும், ஆனால் கடைசியில்.

எந்த இடம் எந்த மதிப்பெண் வரை கிடைத்தது என்ற போன வருடக் கட்-ஆஃப் விவரங்களைப் பார்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். ஒரு வருடம் கணக்குத் தாள் எளிதாக வந்தால் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறிவிடும், போன வருடம் 172-க்குக் கிடைத்த இடம் இந்த வருடம் அதே மதிப்பெண்ணுக்குக் கிடைக்காது. மதிப்பெண்ணோடு தரவரிசை எண்ணையும் வைத்து, அதுவும் நம் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு (பிசி, எம்பிசி போன்றவை) உரிய பத்தியில் ஒப்பிட்டால்தான் ஓரளவு நம்பலாம்.

பாடப்பிரிவில் வீட்டில் இரண்டு கட்சி. எந்தக் கல்லூரியானாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்றார் அத்தான். அவளுக்கு இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் மேல் ஆசை. விவாதம் செய்து அலுத்துப்போய், ஒவ்வொரு கல்லூரி-பாடப்பிரிவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினோம். இரண்டு இரண்டு சீட்டாக அவள் முன் வைத்து, "இந்த ரெண்டும் கெடச்சா எதுல சேருவ?" என்று மட்டும் கேட்டேன். பெரிய கேள்வியாகக் கேட்டபோது பதில் சொல்லாதவள், இதற்குப் பட்டுப்பட்டென்று சொன்னாள். நல்ல கல்லூரியின் இசிஇ, பெயர் தெரியாத கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேலே போனது. இரண்டுமே நல்ல கல்லூரி என்றால் சில இடங்களில் கம்ப்யூட்டர் மேலே வந்தது. அத்தானும் சமாதானமாகிவிட்டார், முக்கால்வாசி.

கல்லூரிகளை நேரில் பார்க்கப் போனதுதான் இதில் மிகவும் பயன்பட்டது. வாசல் கட்டடத்தையும் ஆடிட்டோரியத்தையும் எல்லோரும் காட்டுவார்கள், நாங்கள் ஆய்வகத்தைக் காட்டச் சொன்னோம். ஒரு கல்லூரியில் மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்புகள் வரிசையாகப் பளபளவென்று உறை போட்டபடி இருந்தன. "ஒண்ண ஆன் பண்ணிக் காட்டுவீங்களா சார்?" என்று அவள் கேட்டாள். ஆய்வக உதவியாளர் அதில் இணைக்கும் புரோப் வயரைத் தேடி அலமாரி அலமாரியாகத் திறந்தார், கடைசிவரை கிடைக்கவில்லை. இன்னொரு கல்லூரியில் பழைய கட்டடம், மேசையெல்லாம் சால்டரிங் சூட்டுக்கோல் பட்ட கறுப்புத் தழும்புகள். விடுமுறையிலும் ஏதோ போட்டிக்காக மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிலர் சர்க்யூட் போர்டைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே அவள் சீட்டுகளை மாற்றி அடுக்கிவிட்டாள்.

பேனரில் 'என்பிஏ அங்கீகாரம்' என்று இருந்தால் எந்தத் துறைக்கு என்று கேளுங்கள். இரண்டுமே கல்வித் தரத்தைச் சோதித்துத் தரும் சான்றுகள்தான்; நாக் தரச்சான்று மொத்தக் கல்லூரிக்கும் தருவது, என்பிஏ துறை வாரியாகத் தருவது. மெக்கானிக்கலுக்கு வாங்கியதை நுழைவாயிலில் பெரிதாக மாட்டிவைத்திருந்தால் இசிஇ சேருபவருக்கு அதனால் என்ன? வேலைவாய்ப்பும் அப்படித்தான். ஒரே மாணவருக்கு மூன்று நிறுவனங்களில் வேலை கிடைத்தால் மூன்றாக எண்ணுகிற இடங்கள் உண்டு. அதிகபட்சச் சம்பளம் ஒருவருக்குக் கிடைத்தது, அது நமக்கு எதையும் சொல்லாது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் (எல்லோர் சம்பளத்தையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது) எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று தகவல் கொடுத்திருக்கும். கல்லூரியின் இணையதளத்தில் மூலையில் எங்காவது அது இருக்கும், தேடி எடுங்கள்.

தரவரிசை வந்ததும் போன் மேல் போன். நாங்களே பட்டியல் போட்டுத் தருகிறோம், பாஸ்வேர்டையும் ஓடிபியையும் மட்டும் சொல்லுங்கள் என்றார் ஒருவர். இன்னொருவர், இன்றைக்கே முன்பணம் கட்டினால் ஹாஸ்டலில் சலுகை என்றார். எதற்கும் அசையவில்லை. பாஸ்வேர்டு போனால் பட்டியலே அவர்கள் கையில்.

தரவரிசைப்படி சுற்றுச் சுற்றாக அழைப்பார்கள், அவளுக்கு இரண்டாம் சுற்று. தற்காலிக ஒதுக்கீட்டில் கிடைத்தது விருப்பமான இசிஇதான், ஆனால் அந்தச் சூட்டுக்கோல் தழும்புக் கல்லூரி இல்லை, அதற்குச் சற்றுக் கீழே இருந்தது. உறுதிசெய்ய இரண்டு நாள்தான் அவகாசம், ஊருக்குப் போயிருந்தேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. இடத்தை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளவற்றுக்கும் காத்திருக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, சேவை மையத்தில் கட்டணம் கட்டினோம். வேறு யாரோ விலக, மேலே நகர்ந்து அவள் கேட்ட கல்லூரியே வந்தது. இப்படி மேலே போனால் பழைய இடம் போய்விடும், மனம் மாறித் திரும்ப முடியாது. ஆகவே இந்த வாய்ப்பை எடுக்கும் முன், மேலே இருக்கும் ஒவ்வொன்றிலும் உண்மையிலேயே சேருவோமா என்று இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அவளிடம் கேட்டேன், "ஏன் மாமா, சீட்டெல்லாம் நான்தானே அடுக்குனேன்" என்றாள்.