கல்லூரிக்கு வெளியே அல்தூசர்: பாண்டிச்சேரியில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துவது பற்றி

பிரான்ஸில் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாண்டிச்சேரி என்ற பெயர் ரொம்பக் காலம் வினாத்தாள் வழியாகத்தான் பழக்கம். பக்கலோரெயா என்ற அந்தத் தேர்வு அப்போதெல்லாம் இங்குள்ள மையத்தில் பெரும்பாலும் ஏப்ரலிலேயே நடந்தது, அங்கே ஜூனில்தான். அதனால் 'பாண்டிச்சேரி வினாத்தாளை' அங்கே மாதிரி வினாத்தாளாக வைத்துப் போட்டுப் பார்த்தார்கள்.

அந்தத் தேர்வில் தத்துவத் தாள் நான்கு மணி நேரம். மூன்றில் ஒன்றை எடுத்து எழுத வேண்டும். இரண்டு கட்டுரைத் தலைப்புகள், மூன்றாவது ஏதாவது ஒரு தத்துவ நூலிலிருந்து எடுத்த ஒரு பத்தி. அந்தப் பத்தியின் கீழே பல வருடங்களாக ஒரு குறிப்பு அச்சாகி வந்தது: நூலாசிரியரின் கோட்பாடு தெரிந்திருக்கத் தேவையில்லை, பத்தியைத் துல்லியமாகப் புரிந்துகொண்டு அதில் பேசப்படும் பிரச்சினை என்ன என்று காட்டினால் போதும்.

பல்கலைக்கழகப் பக்கம் போகாமல் அல்தூசர், ஃபூக்கோ, பெஞ்சமின் என்று இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனையாளர்களைப் படிக்க உட்காருகிறவர்களுக்கு இதைவிட நல்ல விதி கிடையாது. நம் பக்கத்து வாசிப்பு வட்டங்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடத்துவதால்தான். முதல் கூட்டத்தில் 'மேலை மார்க்சியம் ஓர் அறிமுகம்' என்று ஒருவர் இரண்டு மணி நேரம் பேசுவார். ஹெகல் தெரியாமல் மார்க்ஸ் புரியாது, ஸ்பினோசா தெரியாமல் அல்தூசர் புரியாது, காண்ட் தெரியாமல் எதுவுமே புரியாது என்பார். அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிறவர்களும் குறிப்பெடுக்க வருவார்கள், படிக்க வரமாட்டார்கள்.

இந்தப் பழக்கத்துக்குத் தமிழில் ஒரு பின்னணி உண்டு. அமைப்பியல், பின்நவீனத்துவம் போன்ற மேலைச் சிந்தனைப் போக்குகள் எல்லாம் 1980களிலும் 90களிலும் இங்கே வந்தது சிறுபத்திரிகை வழியாக. பெரிய காரியம்தான், அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பத்திரிகையில் பக்கம் குறைவு. அதனால் சுருக்கமும் விளக்கமும் நிறைய வந்தன, மூலம் கொஞ்சமாக வந்தது. 'ஃபூக்கோ சொல்கிறார்' என்று தொடங்கும் வாக்கியம் கைவசம் நூறு இருக்கும், எந்த நூலில் எந்த வாதத்தின் நடுவில் சொன்னார் என்பது மட்டும் இருக்காது. மூலத்தைக் கொண்டுவந்தவர்களும் இல்லாமல் இல்லை. 1931இல் கம்யூனிஸ்ட் அறிக்கையின் முதல் பகுதியைத் தமிழில் வெளியிட்டது 'குடி அரசு'. மார்க்ஸின் மூலதனத்தைத் தியாகு மொழிபெயர்த்தது சிறையில் இருந்தபடி. இரண்டுமே எந்தத் துறையின் ஆராய்ச்சித் திட்டமும் கிடையாது.

இனி ஏற்பாடு. ஐந்திலிருந்து ஏழு பேர். எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் கேட்பார்கள், அது கூட்டமாகிவிடும். நேரம் ஒன்றரை மணி, அதற்கு மேல் போனால் நூலை விட்டுவிட்டு அரசியல் அரட்டை. கடலூரிலிருந்து வருகிறவர்கள் இருந்தால் சாயங்காலத்தைவிட ஞாயிறு காலை நல்லது, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் இருக்காது. சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வர முடியாமல் போகும். ஒவ்வொரு அமர்வையும் முந்தைய வாரத்தின் கடைசிப் பத்தியை மறுபடி படித்துத் தொடங்கினால் அவர்கள் விட்ட இடத்தில் ஏறிக்கொள்ளலாம். இடத்துக்குக் கடற்கரைச் சாலை ஆகாது. சாயங்காலம் வண்டி விடமாட்டார்கள் என்று நம்பிப் போனால் காற்றில் தாள் நிற்காது, சத்தமாகப் படித்தாலும் அடுத்தவருக்குக் கேட்காது. மேசை உள்ள ஏதாவது ஒரு வீட்டு மாடி போதும்.

தாள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, வலது ஓரத்தில் மூன்று விரல் அகலம் இடம் விட்டு, பத்திகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக் கொடுங்கள். ஒருவர் கையில் பிடிஎஃப், இன்னொருவர் கையில் பழைய பதிப்பு, மூன்றாமவர் கையில் பிரெஞ்சு என்று இருக்கும்போது பக்க எண் பொருந்தவே பொருந்தாது. பத்தி எண் மட்டும்தான் எல்லோருக்கும் பொது. இதைச் செய்யாத குழுவில் ஒவ்வொரு வாரமும் கால் மணி நேரம் 'எங்க இருக்கீங்க' என்பதிலேயே போகும்.

படிக்கும் முறை எளிது. ஒருவர் ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கிறார், ஆங்கிலமோ பிரெஞ்சோ. அடுத்தவர் அதைத் தமிழில் சொல்கிறார். மொழிபெயர்க்க வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொன்னால் போதும். பிறகு குழு இரண்டே கேள்வி கேட்கிறது. இந்தப் பத்தி யாரை எதிர்த்து எழுதப்பட்டது? இங்கே பேசுவது ஆசிரியரா, அல்லது அவர் மறுக்கப்போகிற ஆளின் குரலா? இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. எதிராளியின் வாதத்தை முழு பலத்தோடு எடுத்து வைத்துவிட்டுப் பிறகு உடைப்பது இவர்களில் பலருடைய வழக்கம். அந்தப் பாதியை மட்டும் வெட்டி ஃபேஸ்புக்கில் போடுவது நம்மவர் வழக்கம். கடைசியாக ஓரத்தில் ஒரே ஒரு வரி, தமிழில். முதல் முக்கால் மணி நேரம் வேறு எந்த நூலின் பெயரையும் யாரும் எடுக்கக் கூடாது. எரிச்சலூட்டும் விதிதான், ஆனால் இதைத் தளர்த்தினால் நிறையப் படித்த ஒருவர் கையில் வட்டம் போய்விடும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

எதிலிருந்து தொடங்குவது? தடித்த நூல் எதுவும் வேண்டாம். பெஞ்சமின் 1940இல் எழுதிய வரலாறு பற்றிய 18 குறிப்புகள் சரியான அளவு. பல குறிப்புகள் அரைப் பக்கத்துக்குள் முடிந்துவிடும், வாரம் ஒன்று. ஒன்பதாவதிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். வானதூதரைப் புயல் தள்ளிக்கொண்டு போகும் அந்தக் குறிப்பைப் படத்தோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் எல்லோரும் பார்த்தாயிற்று, புதிதாக ஒன்றும் கண்ணில் படாது. பதினொன்றையும் பன்னிரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். நீரோட்டத்தின் திசையில்தான் நீந்துகிறோம் என்ற நம்பிக்கையைப் போல ஜெர்மன் தொழிலாளர்களைக் கெடுத்தது வேறெதுவும் இல்லை என்கிறது முதலாவது. விடுதலை பெறப்போகும் பேரப்பிள்ளைகளின் சித்திரம் போராட்டத்துக்கு உரம் தருவதில்லை, அடிமைப்பட்டுக் கிடந்த முன்னோரின் சித்திரமே தருகிறது என்கிறது அடுத்தது.

இதற்கு நம் ஊரில் வைத்துப் பார்க்க ஒரு தேதி இருக்கிறது. 1936 ஜூனில் பாரிஸில் லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் போட்டது. ஜூலை 30ஆம் தேதி, அதே அரசின் கீழ் இருந்த பாண்டிச்சேரியில் மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு, 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது அதன் பிறகு. ஒவ்வொரு ஜூலை 30க்கும் மாலை போடுகிறார்கள். அந்தப் பேச்சுகளில் அந்தப் பன்னிரண்டு பேர் எட்டு மணி நேரத்துக்கான விலையாக, முன்னேற்றக் கணக்கில் ஒரு வரியாக வருகிறார்களா, இன்னும் தீராத கணக்காக வருகிறார்களா? பன்னிரண்டாவது குறிப்பு கேட்பது இதைத்தான். பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த ஒயிட் டவுனில் பழுதுபார்த்து வர்ணம் அடித்த வீடுகளைப் பார்த்தபடி, பண்பாட்டின் ஆவணம் ஒவ்வொன்றும் காட்டுமிராண்டித்தனத்தின் ஆவணமும்தான் என்கிற ஏழாவது குறிப்பையும் படிக்கலாம், அதற்கு விளக்கம் தேவைப்படாது.

பெஞ்சமின் முடிந்த பிறகு அல்தூசர். 1970இல் வந்த கருத்தியல் அரசுச் சாதனங்கள் (பள்ளி, குடும்பம், மதம் என்று அடியால் இல்லாமல் கருத்தால் ஆளுகிறவை) பற்றிய கட்டுரை, பத்துப் பன்னிரண்டு அமர்வு பிடிக்கும். எல்லோரும் நேராகப் போலீஸ்காரர் காட்சிக்குத் தாவுவார்கள். தெருவில் போலீஸ்காரர் 'ஏய், உங்களைத்தான்!' என்று கூப்பிடுகிறார், ஒருவர் திரும்புகிறார், அந்த 180 பாகைத் திருப்பத்தில் அவர் தன்னிலை, அதாவது கூப்பிட்டது தன்னைத்தான் என்று ஏற்கும் ஆள், ஆகிவிடுகிறார். இது வந்ததும் குழுவில் ஆளாளுக்கு ஒரு போலீஸ் அனுபவம் சொல்ல ஆரம்பிப்பார்கள், அன்றைய நேரம் போயிற்று. அதைத் தடுக்க வழி, முன்னும் பின்னும் உள்ள பத்திகளை அதே அமர்வில் கட்டாயமாகப் படிப்பது. முன்னால் வருவது கதவைத் தட்டும் நண்பர். 'யாரு?' என்றால் 'நான்தான்' என்கிறார், நாமும் திறக்கிறோம். அதில் போலீஸும் இல்லை, பயமும் இல்லை. பின்னால் வருவது இன்னும் முக்கியம். முன்பு ஒன்று பின்பு ஒன்று என்று வரிசையாகச் சொன்னது வசதிக்காகத்தான், உண்மையில் அப்படி ஒரு வரிசையே கிடையாது என்று அல்தூசரே சொல்கிறார். கூப்பிடுவதற்கு முன்பே நாம் கூப்பிடப்பட்டவர்கள். அதற்கு அவர் தரும் உதாரணம் பிறக்காத குழந்தை: அது வருவதற்கு முன்பே அப்பா பெயர் காத்திருக்கிறது. சாதியைப் பற்றி யோசிக்க நமக்கு வேண்டிய பத்தி அதுதான், போலீஸ் காட்சி இல்லை. காட்சியைத் தமிழுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால், நம் ஊர் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவரை 'வாடா' என்றும் இன்னொருவரை 'வாங்க சார்' என்றும் கூப்பிடுவார் என்பதையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். அல்தூசரின் கட்டுரையில் அந்த ஏற்றத்தாழ்வுக்கு இடமில்லை. இது அவரிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்வி, ஆனால் பத்தியை முடித்த பிறகு.

கட்டுரையின் முதல் பகுதி, உற்பத்தி நிலைமைகள் மறுபடி மறுபடி எப்படி உருவாக்கப்படுகின்றன என்பது, சப்பென்று இருக்கும். தாண்டிவிடத் தோன்றும். தாண்டினால் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் ஏன் அவ்வளவு பேசுகிறார் என்பது பிடிபடாது.

ஃபூக்கோவுக்குத் தண்டனை பற்றிய 1975 நூலிலிருந்து போகாமல், 1976 ஜனவரி 7ஆம் தேதிச் சொற்பொழிவிலிருந்து போகலாம். அதை அவர் நிகழ்த்திய பாரிஸ் கல்வி நிறுவனமான கொலேழ் தெ பிரான்ஸில் சேர்க்கை இல்லை, தேர்வு இல்லை, பட்டம் இல்லை, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அந்தச் சொற்பொழிவில் அடக்கிவைக்கப்பட்ட அறிவுகள் என்று அவர் சொல்வதில் நோயாளியின் அறிவும் வரும், செவிலியின் அறிவும் வரும். பேச்சு நடை என்பதால் பத்திகளும் இளகியவை. கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் சிசிடிவிக்கு ஓடுகிறவர்களிடம் இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதியான டெலூஸின் 1990 கட்டுரையைக் கொடுங்கள். சில பக்கங்கள்தான். ஆளை அடைத்து வைக்காமல் அட்டையையும் கடவுச்சொல்லையும் வைத்து நடத்தும் ஆட்சி பற்றி அது பேசுகிறது.

பிரெஞ்சு மூலத்தோடு ஒப்பிட இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் 'சொல்தா' குடும்பங்களிலும், ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார்களிலும் அழகாகப் படிக்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள். அல்தூசர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வாக்கியம் தெரிந்தால் போதும். ஒரு முடிச்சுப் போட்ட பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், முழுக் கட்டுரையையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஓரத்தில் எழுதிய வரிகள் ஆறு மாதத்தில் ஒரு மொழிபெயர்ப்பு வரைவுபோலச் சேர்ந்துவிடும். உடனே புத்தகம் போடலாம் என்று யாராவது கிளப்புவார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை. பெஞ்சமினுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. காலனியாதிக்கத்தை எதிர்த்து எழுதிய ஃபனோன் 1961 டிசம்பரில் இறந்தார், 2022 முதல் அவருடைய 1961 நூலும் பொது. ஃபூக்கோவுக்கு 2044 முடியும் வரையும், அல்தூசருக்கு 2050 முடியும் வரையும் அனுமதி வாங்க வேண்டும். பலர் தடுமாறுவது இன்னொரு இடத்தில்: ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனிக் காப்புரிமை உண்டு. ஃபனோனைப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கினால் யாரையும் கேட்க வேண்டாம், ஆங்கிலத்திலிருந்து என்றால் அந்த மொழிபெயர்ப்பின் உரிமையாளரைக் கேட்க வேண்டும். பிரெஞ்சு தெரிந்தவர் கிடைக்காவிட்டால் வரைவு குழுவுக்குள்ளேயே சுற்றட்டும், அச்சகத்துக்குப் போக வேண்டாம்.