மாவுக்கட்டுக்குப் பிறகு கம்பு: ஒரு மணிக்கட்டு முறிவின் குறிப்பேடு

வலது மணிக்கட்டில் ரேடியஸ் எலும்பு முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்தபோது மரக்கட்டை போல விறைத்திருந்த கையைச் சிலம்பப் பயிற்சியின் துணையோடு மீட்டுவரும் அனுபவத்தை, ஆடி மாதம் தொடங்கி இந்தப் பங்குனி வரை எழுதிவந்த குறிப்பேட்டிலிருந்து தொகுத்துத் தருகிறேன். நான் காரைக்குடியில் கணக்கு ஆசிரியை. ஐம்பதைத் தாண்டியவள். பள்ளி நாட்களில்கூட விளையாட்டுப் போட்டி எதிலும் பெயர் கொடுத்ததில்லை என்பதையும் சொல்லிவிட்டால், கீழே உள்ளவை ஒரு பயில்வானின் குறிப்புகள் அல்ல என்பது தெளிவாகிவிடும்.

வீட்டின் உள்முற்றமான வளவில் தண்ணீர் சிந்திக் கிடந்த ஆத்தங்குடித் தரைக்கல்லில் கால் வழுக்கி, விழும் வேகத்தில் கையை ஊன்றியதால் வந்த முறிவு இது. 1814ஆம் ஆண்டில் இதை விவரித்து எழுதிய அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸின் பெயரால் ‘காலிஸ் முறிவு’ என்று அழைக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைவதால், என் வயதுப் பெண்களுக்குச் சாதாரணமாக விழுந்தாலே இது நேர்ந்துவிடுகிறது. ஆறு வாரம் கட்டு. எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது என்று எக்ஸ்ரே காட்டியது. எலும்பு கூடினால் கை வந்துவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். உண்மையில் அதன் பிறகுதான் வேலையே தொடங்கியது.

முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன: கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது ரேடியஸ் எலும்பு அல்னாவின் மீது குறுக்காக உருண்டு படிகிறது; மலர்த்தும்போது மறுபடி விலகி அதற்கு இணையாக வந்து நிற்கிறது. கட்டைவிரல் மேலே பார்க்குமாறு கையை நிறுத்தி அளந்தால், நல்ல நிலையில் உள்ள கை இரு பக்கமும் ஏறத்தாழ 80 முதல் 90 பாகை வரை திரும்ப வேண்டும். முஷ்டிக்குள் ஒரு பென்சிலைப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, வகுப்பில் பயன்படுத்தும் பெரிய மரப் பாகைமானியை மேசை மீது நிறுத்தி அளந்தபோது, கவிழ்ப்பது 60 பாகையைத் தொட்டது. மலர்த்துவது 30ஐத் தாண்டவில்லை. இந்த முறிவில் பெரும்பாலும் மலர்த்துவதுதான் கூடுதலாகப் பறிபோகிறது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார்.

அந்த 30 பாகை என்பது என்ன என்று அரியக்குடிப் பெருமாள் கோயிலில் தெரிந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் பட்டர் தீர்த்தம் கொடுக்க வருகிறார், கை குழியவில்லை. முழங்கையை உடம்புக்குள் இழுத்து, தோளைத் தாழ்த்தி, இடுப்பையும் ஒரு பக்கமாகச் சாய்த்து ஒருவாறு நீட்டிய உள்ளங்கையிலிருந்து தீர்த்தம் சுண்டுவிரல் வழியாக வழிந்து புடவையில் இறங்கியது. குழிப்பணியாரத்தைக் கம்பியால் குத்தித் திருப்புவது, பூட்டில் சாவியைத் திருகுவது, கடையில் மீதிச் சில்லறையை வாங்குவது எல்லாமே இந்த மலர்த்தும் அசைவின் மேல் நிற்பவை என்பதை நல்ல கை உள்ளவர்கள் கவனிப்பதில்லை.

பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று, சிறிய சுத்தியலின் கைப்பிடி நுனியைப் பிடித்துக்கொண்டு, அதன் தலையை இடமும் வலமுமாக மெல்லச் சாய்த்து எடுப்பது. நல்ல பயிற்சிதான், ஆனால் தனியாக நடுவறையில் உட்கார்ந்து சுத்தியலை ஆட்டிக்கொண்டிருப்பதைப் போல அலுப்பூட்டும் காரியம் வேறில்லை. எங்கள் பள்ளித் திடலில் மாலை நேரத்தில் சிலம்பம் கற்பிக்கிறார்கள். 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பமும் செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்ற பிறகு அங்கே பிள்ளைகளின் கூட்டம் கூடிவிட்டது. ஒரு சிறுமி கம்பை உடலுக்கு இருபுறமும் எட்டுப் போல ஓடவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, அவளுடைய முன்கை ஒவ்வொரு வீச்சிலும் மலர்ந்து கவிழ்வதைக் கண்டேன். எனக்குக் கொடுக்கப்பட்ட சுத்தியல் பயிற்சியேதான், நீளம் மட்டும் அதிகம்.

பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டதும் திகைத்தார்: “ஒடிஞ்ச கையோட கம்பெடுக்கப் போறியாக்கும்? இருக்கிறதும் போயிடாம பாத்துக்க.” ஆசானுக்கும் ஏறக்குறைய அதே தயக்கம் இருந்தது. எலும்பு முறிவுக்கு எண்ணெய்க் கட்டு போடத் தெரிந்தவர் அவர். ஆனாலும் என் கையைத் தொடவோ நீவவோ மறுத்துவிட்டார். “டாக்டர் படத்தைப் பாத்துட்டு சரின்னு சொல்லட்டும், டீச்சர். அதுக்கப்புறமும் முதல்ல கால் பழகட்டும், கம்பு எங்கயும் ஓடிடாது” என்றார். மருத்துவர், எலும்பு உறுதியாகக் கூடியிருப்பதால் எடையில்லாத கம்பில் தொடங்கலாம், எதிராளியோடு மோதும் பயிற்சி மட்டும் கூடாது என்று எல்லை வகுத்துக் கொடுத்தார். புதிதாகக் கூடிய எலும்பை அடி வாங்க விடுவதில் எனக்கும் ஆசை இல்லை.

ஐப்பசி முடியும் வரை காலடி மட்டுமே. செம்மண் தரையில் ஆசான் கம்பின் நுனியால் ஒரு கட்டம் கீறுவார். வெறுங்காலோடு அதன் மூலைகளில் மாறி மாறிக் கால் வைத்து, முழங்காலைத் தளர்த்தி, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு முழுவதுமாக மாற்றிவிட்டுத்தான் அடுத்த அடியை எடுக்க வேண்டும். பாதிப் பாரத்தோடு திரும்பினால் கம்பை நீட்டி முழங்காலின் பின்புறம் மெல்லத் தட்டுவார். பாரம் மாறாத கால் உடனே மடங்கிவிடும். கைக்காக வந்தவளுக்கு எதற்கு இத்தனை கால் வேலை என்று சலித்துக்கொண்டதுண்டு. ஆனால் விழுந்த நாளிலிருந்து வளவைக் கடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், கார்த்திகை மழையில் நனைந்த கல்லின் மீது தண்ணீர்க் குடத்தோடு நடந்து போனதை நானே பிறகுதான் உணர்ந்தேன். மறுபடி விழாமல் இருக்கக் கற்பதும் இந்த முறிவுக்கான சிகிச்சையில் சேர்த்தி. கையை மட்டும் பார்க்கும் பயிற்சிகளில் அது கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் இடது கைக்கு மட்டும் கம்பு உண்டு. ஒரு பக்கக் கையைப் பழக்கினால் மறுபக்கக் கைக்கும் ஓரளவு வலு சேர்கிறது என்பது 1894ஆம் ஆண்டிலேயே யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் குழுவினர் கவனித்துப் பதிவு செய்த உண்மை. தசை வளர்வதால் அல்ல, நரம்பு மண்டலம் அசைவைக் கற்றுக்கொள்வதால் வரும் பலன் அது. சிலம்பத்தில் இரு கையும் பழகுவது எப்படியும் விதி என்பதால் எனக்கு இதில் தனி முயற்சி தேவைப்படவில்லை. வலது கைக்கு முறை வந்தபோது எட்டு வீச்சின் போக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்ததைப் போல இருந்தது, தெம்புதான் இல்லை.

இனி, கணக்கு ஆசிரியையாக எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வழக்கமான கம்பு ஆளின் நெற்றி உயரம் இருக்கும். எனக்கு ஆசான் கொடுத்தது அதில் பாதி நீளமுள்ள பிரம்பு. பாதிக் கம்புக்குப் பாதிப் பளு என்று பலரும் எண்ணுவார்கள். ஆனால் ஒரே பருமனுள்ள கம்பைச் சுழற்றும்போது அது காட்டும் எதிர்ப்பு நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. ஆகவே நீளம் பாதியானால் எதிர்ப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதோடு நடுவில் பிடித்துச் சுழற்றுவதைவிட நுனியில் பிடித்துச் சுழற்றுவது நான்கு மடங்கு கடினம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கம்பும் ஒரு பிடியும் வைத்துக்கொண்டு மருந்தை அவுன்ஸ் கணக்கில் ஏற்றுவதுபோலப் பளுவை ஏற்றலாம் என்பது விளங்கும். கம்பை மாற்றாமலேயே பிடியை இரண்டு விரற்கடை நகர்த்தினால் மணிக்கட்டு அந்த வேறுபாட்டை உடனே சொல்லிவிடும். கம்பில் மைக்கோடு போட்டு, எந்தக் கோட்டில் எந்த வாரம் பிடித்தேன் என்று குறித்து வைத்திருக்கிறேன். சுத்தியலில் எனக்கு இந்த நுட்பம் வாய்க்கவில்லை. அதன் பாரம் முழுவதும் தலையிலேயே இருக்கிறது.

ஏமாற்று வேலையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கை மலராதபோது தோள் அந்த வேலையைச் செய்துகொடுக்கும். பார்ப்பவருக்கும் செய்பவருக்கும் கை திரும்பிவிட்டதாகத் தோன்றும். ஆசான் தம் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி என் அக்குளில் இடுக்கச் சொன்னார். துண்டு விழாமல் கம்பு சுழன்றால் மட்டுமே அது முன்கையின் சுழற்சி. முதல் மாலையில் துண்டு தரையில் கிடந்த நேரமே அதிகம். பக்கத்தில் நின்ற சிறுவன் ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, “மெதுவா, டீச்சர், மெதுவா” என்றான். வகுப்பில் நான் அவனிடம் சொல்வதை எனக்கே திருப்பிச் சொன்னதில் அவனுக்குப் பெருமகிழ்ச்சி.

மார்கழிக் குளிரில் சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டில் ஒரு குத்தல் தொடங்கியது. ரேடியஸும் அல்னாவும் கீழ்முனையில் சேரும் மூட்டு அங்கேதான் இருக்கிறது. அந்த முறிவுக்குப் பின் முன்கையைச் சுழற்றும்போது அங்கு வலிப்பது புதிதல்ல என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். அவர் கொடுத்த அளவுகோல் எளிது: பயிற்சியின்போது வரும் வலி இரவுக்குள் அடங்கிவிட்டால் அதே அளவில் தொடரலாம்; மறுநாள் காலையிலும் நின்றாலோ வீக்கம் கண்டாலோ ஒரு படி இறங்க வேண்டும்; விரல்களில் மரமரப்பு வந்தால் நிறுத்திவிட்டு வந்து காட்ட வேண்டும். பிடியை நடுவுக்குக் கொண்டுவந்து, பழைய மைக்கோட்டுக்கே திரும்பினேன். பொங்கல் வரை அங்கேயே இருந்தேன். அதன் பிறகு ஏறியது நிலைத்தது.

இப்போது மலர்த்துவது 75 பாகை. கவிழ்ப்பது இடது கைக்குச் சமம். பணியாரக் கம்பி வலது கைக்கே வந்துவிட்டது. ஆச்சி என்னைப் பார்த்துக் கம்பைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. தம் பேத்தியைச் சேர்ப்பதற்குக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் விசாரித்தார்.

சிலம்பம் கொடுக்காதவற்றையும் எழுதிவிடுகிறேன். மணிக்கட்டைப் பின்னோக்கி மடித்து அதன் மேல் உடற்பாரத்தைத் தாங்கும் வலு கம்பு சுற்றுவதால் வராது, ஏனெனில் எந்த வீச்சிலும் அப்படியொரு நிலை இல்லை. பாயிலிருந்து கையூன்றி எழுந்திருக்க இன்னும் இடது கைதான் முன்வருகிறது. அதற்காகச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து நெஞ்சைச் சாய்க்கும் பயிற்சியைத் தனியாகச் செய்கிறேன். அடுத்து மேசை விளிம்பு, பிறகு திண்ணை என்று உயரத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். எலும்பின் அடர்த்திக்கும் கம்பு வீச்சுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த கால்சியமும் வைட்டமின் டியும் தொடர்கின்றன, அடர்த்திப் பரிசோதனையும் எடுத்தாயிற்று.

சித்திரை வெயிலுக்காக வகுப்பை விடியற்காலைக்கு மாற்றப்போகிறார்கள். நெற்றி உயரக் கம்பை நடுவில் பிடித்து நிதானமாகச் சுழற்ற அனுமதி கிடைத்திருக்கிறது. இரட்டைக் கம்புக்கு, வலது கையின் பிடி இடது கைக்குச் சமமாக வந்த பிறகு பார்க்கலாம் என்று ஆசான் சொல்லியிருக்கிறார்.