ஒரே குழாய், இரண்டு நிறம்

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம், பெண் எடுக்க வருகிறவர்கள் ஏற்கெனவே பல்லைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு, பல் உருவாகிற சின்ன வயதிலேயே கறையைப் போட்டுவிடும். அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்து, ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். மகளிர் குழுவிலிருந்து நானும் போனேன். வேலை சுலபம்தான். குழாயில் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டுவிட வேண்டும். ரோஸ் நிறமாகவே இருந்தால் ஃப்ளோரைடு குறைவு. மஞ்சளுக்குப் போகப் போக அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது கணக்கு.

முதல் வாரம் எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டேன். சாயங்காலம் டியூப் லைட்டில் நிறம் பார்த்திருக்கிறேன், எல்லாமே மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது! மறுபடியும் காலையில், திண்ணை நிழலில் உட்கார்ந்து தொடங்கினேன்.

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, வைத்திருப்பவர்கள் தண்ணீர் தரவே யோசித்தார்கள். "கெட்ட தண்ணின்னு எழுதிட்டா நாளைக்கு நிலம் விலை போகுமாம்மா?" என்று ஒரு பெரியப்பா கேட்டார். சரி, பேர் வேண்டாம், எத்தனை அடி போர் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அந்த அடிக்கணக்குதான் பிறகு உதவியது. எங்கள் ஊரில் பழைய திறந்த கிணறுகள் பரவாயில்லை. ஆழம் போகப் போக மஞ்சள். பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் கிடக்கும் தண்ணீரில் பாறையிலுள்ள ஃப்ளோரைடு கரைந்து இறங்குகிறது. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்பியிருந்தார்கள். காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும்.

தெருக்குழாயைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், காவிரித் தண்ணீர்தானே அது. ஆனால் திங்கட்கிழமை ரோஸாக இருந்த அதே குழாய் வியாழக்கிழமை மஞ்சள் காட்டியது. மருந்து கெட்டுவிட்டதோ என்று மூன்று தடவை பார்த்தேன். அதே மஞ்சள். அன்றிலிருந்து தினமும் ஒரு நோட்டில் தேதி, நேரம், நிறம் எழுதினேன். இரண்டு மாதம். மஞ்சள் வந்ததெல்லாம் ஒகேனக்கல் தண்ணீர் குறைவாக வந்த நாட்கள்.

டேங்க் ஆபரேட்டர் அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன். அவர் மறைக்கவில்லை. "அந்தத் தண்ணி பத்தலேன்னா போரைப் போட்டுத்தான் ரொப்புவேன். தண்ணி வரலேன்னா என் சட்டையைத்தானே பிடிப்பீங்க?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தபோது, கலர் பார்த்துச் சொல்வதெல்லாம் ஆதாரம் ஆகாது என்றார்கள். கோபம் வந்தது, ஆனால் அதுவும் உண்மைதான். ரோஸ் நாளில் ஒரு பாட்டில், மஞ்சள் நாளில் ஒரு பாட்டில் பிடித்து, தேதி ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தேன். முடிவு நோட்டோடு ஒத்துப்போனது. இரண்டையும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைத்தோம். போர் தண்ணீர் புழக்கத்துக்குத் தனித் தொட்டியில், பெரிய டேங்கில் ஒகேனக்கல் மட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தொட்டி வந்துசேர மாதங்கள் ஆயின.

இப்போது குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். "தினமும் வந்துட்டிருந்துச்சு, உன்னாலதான்" என்று எதிர்வீட்டு அக்கா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வாரம் ஒருதரம் சோதிப்பதை நான் விடவில்லை. போன செவ்வாய் லேசாக மஞ்சள் தட்டியது. நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஆபரேட்டர் அண்ணனே, "நேத்து ராத்திரி மெயின் பைப் உடைஞ்சிருச்சும்மா, எழுதிக்கோ" என்றார்.