பச்சை ஸ்டிக்கர்

"பத்து நிமிஷம்தான் தம்பி. அமெரிக்காக்காரன் அங்கேயிருந்து எட்டியா பார்க்கப் போறான்?"

மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய மைக்ராஸ்கோப்பில் பல்பு போய்விட்டது. இரண்டடி தள்ளி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டியது உறையைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. முடியாது அக்கா என்றேன். வருடங்கள் ஆகியும் அந்த "முடியாது" என்னை விடவில்லை.

ஸ்டிக்கர்களை ஒட்டியவன் நான்தான். கோலாலம்பூரில் அந்த ஆய்வுக்கூடத்தின் மானியக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. பச்சை என்றால் அமெரிக்க அரசுப் பணம், மஞ்சள் என்றால் உள்ளூரில் ஒருவர் கொடுத்த நன்கொடை. மனிதக் கரு அழியும் ஆய்வுக்கு அரசுப் பணம் போகக்கூடாது என்று 1996 முதல் அங்கே வருடா வருடம் பட்ஜெட்டோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. 2001 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் புஷ், கருவிலிருந்து அதுவரை எடுக்கப்பட்டிருந்த ஸ்டெம் செல் வரிசைகளுக்கு, அதாவது எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய, தட்டில் தொடர்ந்து வளர்த்துவரும் செல்களுக்கு, மட்டுமே பணம் என்றார். 2009இல் ஒபாமா அந்தத் தேதிக் கெடுவை எடுத்தார். நிபந்தனை மட்டும் அப்படியே நின்றது. ஆக, கருவைப் பிரித்துச் செல்லை எடுக்க வேறு பணம். எடுத்த செல் வரிசை அவர்களுடைய அனுமதிப் பட்டியலில் ஏறிவிட்டால், அதை வளர்த்து ஆராய அரசுப் பணம்.

கொன்றால் பாவம், தின்றால் போச்சு என்பார்களே, அதைச் சட்டமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும். இதை நான் கேலியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் யோசித்தால், கருவை உயிர் என்று நம்புகிறவனின் வரிப்பணத்தை வாங்கி அதைப் பிரிக்கச் செலவழிப்பதும் சரியில்லைதானே. அவன் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை, என் காசில் செய்யாதே என்கிறான். எங்கள் வீட்டில் புரட்டாசியில் அம்மா கறிச்சட்டியைத் தனியாகக் கவிழ்த்து வைப்பார். அந்த ஒதுக்கலுக்கு ஒரு மரியாதை உண்டு என்று வளர்ந்தவன் நான்.

அப்புறம் அந்த மூன்று கருக்கள். குழந்தை வேண்டி ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய் சிகிச்சை செய்துகொண்ட ஒரு தம்பதி, தேவை முடிந்த பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை. ஐந்து நாள் வளர்ந்து, மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில் உறைந்திருந்தவை. அக்கா காலை ஏழரைக்கே அவற்றை உருக்கிவிட்டிருந்தார். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து பல்பு வந்து சேர மதியம் மூன்றாகிவிட்டது. அதற்குள் இரண்டு சுருங்கிப்போயிருந்தன. மூன்றாவதில் எடுத்த செல்கள் தட்டில் ஒட்டவே இல்லை.

தாமதத்தால்தான் என்று சொல்ல முடியாது. உருக்கியதெல்லாம் பிழைப்பதில்லை, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அக்காதான். அந்தப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும் என்று சில நாள் நம்புகிறேன். சில நாள் நம்ப முடிவதில்லை. கருவுக்கு மதிப்புக் கொடுக்கப் போட்ட விதியைக் காப்பாற்றப் போய், அதே கருவை ஒன்றுக்கும் ஆகாமல் குப்பைக்கு அனுப்பினேனோ?

கணக்கைப் பிரித்து எழுதினால் போதும், பொருளையே பிரிக்க வேண்டியதில்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பத்து நிமிஷத்துக்கு ஒரு வாடகை போட்டு மஞ்சளில் கழித்திருக்கலாம். அன்று எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருப்பேனா? தணிக்கைக்காரர் வந்தால் மாட்டப்போவது நான்தானே. என்னை அன்று பிடித்து நிறுத்தியது நெறியா, வேலை போய்விடும் என்ற பயமா? இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

மாதக் கடைசியில் அக்கா நேரத்தாளோடு வந்தார். அவர் சம்பளத்திலும் பாதி பச்சை, பாதி மஞ்சள்.

"புதன்கிழமை நான் என்ன கலரு தம்பி?"

"மஞ்சள், அக்கா. காத்திருந்த நேரமும் மஞ்சள்தான்."

"அப்போ இந்தக் கையிலயும் ஒன்னு ஒட்டிடு." சிரிக்காமல் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதத்தில் மாற்றல் கேட்டுப் போனார். கிள்ளானிலிருந்து தினமும் வர முடியவில்லை என்று காரணம் எழுதியிருந்தார். அதுவும் பொய்யில்லை, கிள்ளான் தூரம்தான்.

வருட அறிக்கையை நானே எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பினேன். அவர்கள் காசு தொடாத நாள் என்பதால், அதில் அந்தப் புதன்கிழமையே இல்லை.